செயப்பாட்டு வினையில் ஒரு ஸ்டூல்

போன மாதம் என்னோடு முன்பு வேலை பார்த்தவரின் மகள் போன் செய்தாள். ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறாள். இப்போது அந்த வேலைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என்று பெயர் கிடையாதாம், "கம்யூனிகேஷன் கோச்சிங்" என்று சொல்ல வேண்டுமாம்.

"ஆன்ட்டி, நாங்க கிராமரே எடுக்கறதில்ல. போர், உலகமயமாக்கல்னு பெரிய பெரிய பிரச்சினைகளை வச்சே இங்கிலீஷைக் கொண்டு வரோம். புது மெத்தட். உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது இல்ல?" என்றாள்.

இருந்தது கண்ணு. தொண்ணூறுகளில் தி. நகரில், ஒரு பாத்திரக் கடை மாடியில் இருந்தது. அதனால்தான் என் வேலை போயிற்று என்றேன். அதை எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆட்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்றாள். படித்த பிறகு கொடுப்பாளா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

நான் பயிற்சி பெற்ற கதையில் சொல்ல அதிகமில்லை. பி.ஏ. ஆங்கிலம், சைதாப்பேட்டையில் பி.எட்., பிறகு அடையாறில் ஒரு கான்வென்ட்டில் சில வருடங்கள். குரலை உயர்த்தாமல் ஒரு வகுப்பை அடக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அங்கே கற்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது, பாண்டி பஜாருக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தில் சேர்ந்தேன். கீழே எவர்சில்வர் குடங்களைத் தட்டித் தட்டி விற்பார்கள். மேலே நாங்கள் உச்சரிப்பு சொல்லிக்கொடுப்போம்.

நிலையத்தை நடத்தியவர் ராகவன் சார். மயிலாப்பூர்க்காரர். மருந்து கம்பெனியில் விற்பனை பார்த்துவிட்டு வந்தவர். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார். தன்னை டைரக்டர் என்று அழைக்க வேண்டும் என்பார். மாடிப்படியில் யாராவது தமிழில் பேசினால் "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று விரலை ஆட்டுவார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆத்துல இன்னிக்கு என்ன டிபன் என்று போனில் கேட்பார். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், டையின் நுனியால் துடைப்பார், மாட்டுவார். அதன் பிறகு "கமர்ஷியலாப் பாத்தா..." என்று தொடங்குவார். அவர் எதையும் வேறு விதமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு நாள் அவர் ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த மூன்று நாள் பயிலரங்குக்குப் போய் வந்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பேசினாராம். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜெராக்ஸ் புத்தகமும் முகத்தில் ஞானமும் இருந்தன.

"விமலா, இனிமே நாம டென்ஸ், வாய்ஸ்னு நடத்தப் போறதில்லை. மனுஷாளுக்குக் கோபம் வரணும். கோபம் வந்தா பாஷை தானா வரும்னு நிரூபிச்சிருக்கா" என்றார்.

புத்தகத்தின் முதல் பாடம் போர் எதிர்ப்பு. இரண்டாம் பாடம் உலகமயமாக்கல். பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பது, டாக்டரிடம் வயிற்றுவலியை விளக்குவது போன்ற அற்ப விஷயங்களுக்குப் புத்தகத்தில் இடம் ஒதுக்கவில்லை.

நடத்தும் முறையும் அதிலேயே இருந்தது. முதலில் ஊர்வலப் படம் ஒன்றைக் காட்ட வேண்டும். அடுத்து சொற்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மூன்றாவது, மாணவர்கள் சார்ட் பேப்பரில் கோஷம் எழுத வேண்டும். நான்காவது, பாதிப் பேர் அரசாங்கமாகவும் பாதிப் பேர் எதிர்ப்பாளர்களாகவும் நடிக்க வேண்டும். ஐந்தாவதாக, இதையெல்லாம் தங்கள் வாழ்க்கையோடு பொருத்தி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஐந்தாவதை ராகவன் சார் பென்சிலால் அடித்துவிட்டிருந்தார். "அதெல்லாம் டைம் இருந்தா பாத்துக்கலாம்."

இப்படியாக, அமெரிக்க விசாவுக்குக் காத்திருந்த இரண்டு மாப்பிள்ளைகள், பதவி உயர்வுக்கு ஏங்கிய ஒரு பேங்க் கிளார்க், கே.கே. நகரிலிருந்து வந்த சில குடும்பத் தலைவிகள் எல்லோரும் மாலை ஆறு மணிக்கு வியட்நாம் போரை எதிர்க்கத் தொடங்கினோம். "ஸ்டாப் த வார்" என்று நான் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கட்டளை வாக்கியத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பேங்க் கிளார்க் கை தூக்கினார். "மேடம், இந்தச் சண்டை இப்ப நடக்குதா?"

"இல்லைங்க. முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப யாரை நிறுத்தச் சொல்றோம்?"

அதற்கு ஆசிரியர் குறிப்பில் விடை இல்லை. "கிராமருக்காக" என்றேன். அவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், பாலைவனத்தில் நம் அரசாங்கம் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வாரம் அது. முந்தின நாள் வகுப்பில் பெயிண்ட் அடித்த அட்டைகளைக் காயட்டும் என்று பால்கனிக் கம்பியில் மாட்டியிருந்தோம். "ஸ்டாப் த பாம்" என்ற அட்டை நன்றாக வந்திருந்தது. அதில் கடைசி வார்த்தை மட்டும் சிவப்பு. காலையில் ஒரு கான்ஸ்டபிள் மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா இது, பாம்னு எழுதித் தொங்க வுட்டுகினு கீறீங்க? எங்க வச்சிகிறாங்க?"

"யாரு?"

"பாமு."

"பாம் இல்லைங்க. பாம் வேண்டாம்னு எழுதியிருக்கோம். பாடம்."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஊர்வலப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "படிக்க வர்ற ஜனத்துக்கு வேற எதுனா நல்லதா சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ராகவன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "விமலா, கமர்ஷியலாப் பாத்தா நேஷனல் மூட் இப்போ வேற மாதிரி இருக்கு. போரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுப்போம்."

வாஷிங்டனில் லட்சம் பேர் கூடிக் கேட்டும் வருடக்கணக்கில் நிற்காத போரை, தி. நகரில் ஒரே கான்ஸ்டபிள் நிறுத்தினார். மறு திங்கள்கிழமை நாங்கள் உலகமயமாக்கலுக்குள் நுழைந்தோம். அந்நிய கம்பெனிகளைக் கடுமையாக எதிர்க்க வேண்டும் என்று எனக்கு விளக்கியபோது, ராகவன் சார் மேசையில் ஒரு அந்நிய கோலா பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. பக்கத்துத் தெருவில் ஐந்து மாடி ஜவுளிக் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்பதால், விற்பனைப் பெண்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்றார். கடை திறக்கும் முன் காலை எட்டு மணிக்கு ஒரு பேட்ச். பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள், கடை ஹாஸ்டலில் தங்கியவர்கள். ஒருத்தி மட்டும் சைதாப்பேட்டையில் வீட்டிலிருந்து வருவாள். சரளா. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஏழு வருடமாகப் பட்டுப்புடவை செக்ஷன்.

எங்கள் வகுப்பில் பதில் சொல்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ராகவன் சார் அதை ஆளுமை வளர்ச்சி என்பார். முதல் நாள் சரளாவை ஒரு கேள்வி கேட்டேன். அவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"ஸ்டேண்ட் அப், சரளா."

"மிஸ், உக்காந்துகினே சொல்றேன் மிஸ். கடை தொறந்தா ராத்திரி பூட்டற வரைக்கும் நின்னுகினுதான் இருக்கணும். இந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு பெஞ்சு."

பின்னாலிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "ரேக்குல லேசா சாஞ்சாக்கூட சூப்பர்வைசர் வந்துருவாரு டீச்சர்."

சரளா புடவையைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். நரம்புகள் நீலமாக முடிச்சிட்டுக் கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தரையில் உட்காரலாமாம். மற்றபடி கடையில் ஒரு நாற்காலிகூட இல்லையா என்று கேட்டேன்.

"கீது மிஸ். புடவை வாங்க வந்தவங்களோட வூட்டுக்காரர் உக்காந்து தூங்கறதுக்கு."

அன்றிலிருந்து அந்த பேட்ச்சில் ஆளுமை வளர்ச்சியை நிறுத்திவிட்டேன். உட்கார்ந்தே பதில் சொன்னார்கள். அவர்களுடைய ஆங்கிலத்துக்கு அதனால் எந்தக் கேடும் வரவில்லை.

உலகமயமாக்கல் பாடத்தின் நடுவே ஒரு செருப்புத் தொழிற்சாலை வரும். எங்கோ ஒரு ஏழை நாடு. பெரிய கம்பெனிக்காகப் பெண்கள் செருப்பு தைக்கிறார்கள். செயப்பாட்டு வினை பழக்குவதற்காக அந்தப் பக்கம். அவர்கள் வேலை வாங்கப்படுகிறார்கள், அவர்கள் மிரட்டப்படுகிறார்கள், அவர்கள் உட்கார அனுமதிக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு போனேன்.

சரளா கை தூக்கினாள். "மிஸ், இது நம்ம கடையா?"

"இல்ல. வேற நாடு. செருப்பு தைக்கிற இடம்."

"அவங்களுக்காக யாரு கேட்டாங்க?"

"அமெரிக்காவுல காலேஜ் பசங்க. அட்டை புடிச்சு ஊர்வலம் போனாங்க."

"எங்களுக்காக கேக்கறதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து எவனும் வர மாட்டான் இல்ல மிஸ்?"

நான் புத்தகத்தை மூடினேன். பென்சிலால் அடிக்கப்பட்டிருந்த ஐந்தாவது படியை அன்று நடத்தினேன். உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். வேண்டுமென்றேதான் செய்தேன். "வி ஆர் நாட் அலவ்ட் டு சிட்" என்று அந்த அறையில் எல்லோரும் எழுதினார்கள். வாரக்கணக்காக யாருக்கும் பிடிபடாத செயப்பாட்டு வினை, அன்று ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. கோபம் வந்தால் பாஷை வரும் என்று நிபுணர் சொன்னது உண்மைதான். எந்தக் கோபம் என்பதைத்தான் அவர் விசாரிக்க மறந்துவிட்டார்.

மாதக் கடைசியில் அண்ணாச்சிக்கு டெமோ காட்ட வேண்டும் என்றார் ராகவன் சார். கோலா கம்பெனியும் எதிர்ப்பாளர்களும் என்ற நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பியபோது சரளா மட்டும் நின்றாள்.

"மிஸ், டெமோ அன்னிக்கு நான் வேற அட்டை புடிக்கப் போறேன். உக்கார்றது பத்தி எழுதினோமே, அத எழுதி."

"வேலை போயிடும் சரளா."

"தெரியும் மிஸ். இவங்கல்லாம் ஹாஸ்டல்ல கீறாங்க. வெளிய அனுப்புனா ஊருக்கு ரயிலேறணும். எனக்கு சைதாப்பேட்டையில வூடு கீது, பஸ் ஏறுனா போதும். அதான் நான் புடிக்கிறேன். அவங்க கையில கோலா அட்டையே இருக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தேன். பிறகு, எழுத்து பெரிதாக இருக்கட்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ராகவன் சாரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

டெமோ அன்று அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ராகவன் சார் தன் சுழல் நாற்காலியையே தூக்கி வந்து அவருக்குப் போட்டார். காபி வந்தது. எதிர்ப்பாளர்கள் அந்நிய கம்பெனியை வெளியே போகச் சொன்னார்கள். கம்பெனி போக மறுத்தது. அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் மிகவும் ரசித்தார். நாடகம் முடிகிற நேரத்தில் சரளா ஒரு அடி முன்னால் வந்து அட்டையைத் தூக்கினாள்.

"இந்தப் பிள்ள என்ன எழுதிருக்கு சார்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

ராகவன் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். "கஸ்டமருக்காக நாங்க எப்பவும் நின்னுண்டே சேவை பண்ணுவோம்னு எழுதியிருக்கா" என்றார்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "பாத்தீகளா, என்ன விசுவாசம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அத ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க. எனக்கும் நாலு இங்கிலீஷ் தெரியட்டும்."

சரளாவைப் பார்த்தேன். அட்டையை அவள் கீழே இறக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"வி என்றால் நாங்கள். சிட் என்றால் உட்கார. ‘நாங்கள் உட்கார அனுமதிக்கப்படுவதில்லை’ என்று எழுதியிருக்கிறாள்" என்றேன். என்னை அறியாமல் வகுப்புத் தமிழ் வந்துவிட்டது.

அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார். "அனுமதிக்கப்படுவதில்லைன்னா? யாரு அனுமதிக்கல?"

செயப்பாட்டு வினையில் அந்த வசதி உண்டு. செய்தவன் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். அரசாங்கங்களும் கம்பெனிகளும் அதை விரும்புவது அதனால்தான். நான் அதை விளக்க வாயெடுக்கும் முன் சரளா தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

"நீங்கதான் அண்ணாச்சி."

ராகவன் சார் டையைப் பிடித்தபடி நின்றார். அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சரளாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் சின்ன வயசுல ஊர்லேருந்து வந்து, இன்னொருத்தர் கடையில நின்னு வளந்தவன்தாம்மா" என்றார்.

"கால் வலிச்சிதா அண்ணாச்சி?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வலிக்காம இருக்குமா" என்றார்.

"அதான் எங்களுக்கும்."

அண்ணாச்சி எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "காபி நல்லாருந்துது" என்று ராகவன் சாரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு ராகவன் சார் என்னிடம் பேசியது இன்றும் நினைவிருக்கிறது. முதல் தடவையாகக் கண்ணாடியைத் துடைக்காமலே பேசினார்.

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லுன்னா யாராவது வார்த்தைக்கு வார்த்தை சொல்லுவாளா விமலா? அமெரிக்காவைத் திட்டுங்கோ. கோலாக்காரனைத் திட்டுங்கோ. அவாள்ளாம் நமக்கு பேட்ச் அனுப்பறதில்லை. போராட்டம்னா ஒரு டிஸ்டன்ஸ் வேண்டாமா?"

"எவ்வளவு தூரம் சார்?"

"சமுத்திரத்துக்கு அந்தாண்ட" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு பெஞ்சுகள் காலியாக இருந்தன. அந்த வாரமே எனக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்று ராகவன் சார் கண்டுபிடித்தார். அதை என்னிடம் ஆங்கிலத்தில் அறிவித்தார், செயப்பாட்டு வினையில். பழகிக்கொள்ளச் சில நாள் பிடித்தது. காலையில் எழுந்து புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்று நினைவு வரும். அப்புறம் வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்து, ஓய்வு பெறும் வயது வரை அதிலேயே ஓட்டிவிட்டேன். என் பாடத்திட்டத்தில் பஸ் கண்டக்டர் முதல் பக்கத்தில் இருந்தார்.

கடையில் என்ன நடந்தது என்று சரளா சொல்லித்தான் தெரியும். அண்ணாச்சி மனம் இளகி, மாடிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டாராம். ஒவ்வொரு மாடியிலும் அதில் சூப்பர்வைசர் உட்கார்ந்தார். முன்பாவது அவர் நடந்துகொண்டிருப்பார், அந்தப் பக்கம் போனால் ரேக்கில் சாயலாம். இப்போது ஒரே இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்காகத்தானா அட்டை பிடித்தாய் என்று மற்றப் பெண்கள் சரளாவைக் கேட்டிருக்கிறார்கள். அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. பட்டுப்புடவையிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் மூட்டை கட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது.

இப்போது சில வருடங்களுக்கு முன், கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. மனிதர்களுக்குக் கால் வலிக்கும் என்பதை அரசாங்கம் கண்டறிய இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. ஆராய்ச்சி என்றால் அவசரப்படக் கூடாது.

மூட்டை கட்டும் இடத்தில் சரளா அதிக நாள் இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைதாப்பேட்டையிலேயே இருந்த என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலத்தில் இன்டர்வியூ, பழக்கிவிடுங்கள் மிஸ் என்றாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பழகினோம். பெயர், ஊர், அனுபவம் எல்லாம் சரியாக வந்தது. முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விதான் சிக்கல். அதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான் சொல்வார்கள் என்று சொல்லி, "ஃபார் பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். நாக்கு புரளவில்லை. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டே வாசற்படி இறங்கினாள்.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலம் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

"வேலை கிடைச்சிடுச்சி மிஸ். திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க. ஒரு டாக்டரம்மாதான் கேள்வி கேட்டாங்க."

"பழைய வேலையை ஏன் விட்டேன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ‘ஐ வான்ட் டு சிட், மேடம்’னு சொல்லிட்டேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டு என் காலைப் பாத்தாங்க. அப்பறம் ஒண்ணுமே கேக்கல."

"நாம பழகினது என்ன ஆச்சு? பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்?"

"வாய் வரைக்கும் வந்துச்சி மிஸ்" என்றாள் சரளா. "ஆனா பொய்யி, இங்கிலீஷ்ல டக்குனு வர மாட்டேங்குது."